மாவு ஊறட்டும் டீச்சர்: புதூர் பக்கம் ஒரு புரோட்டாக் கடை

"மாவு இன்னும் ஊறலக்கா. கால் மணி நேரம் இருங்க, இல்லாட்டி முட்டை ஏதாச்சும் சாப்பிட்டுப் போங்க."

முதல் தடவை போன அன்று மாஸ்டர் என்னிடம் சொன்னது இது. கல் காய்ந்திருந்தது. ஈரத்துணிக்கு அடியில் உருண்டைகள் வரிசையாக இருந்தன. மழை பெய்துகொண்டிருந்ததால் என்னையும் என் தம்பியையும் தவிரக் கடையில் ஆளே இல்லை. வந்த வியாபாரத்தை விட்டுவிடக் கூடாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் வீசவில்லை. நாங்கள் காத்திருந்தோம். அன்று சாப்பிட்ட புரோட்டாவுக்காகத்தான் ஆறு வருடமாக வாரம் ஒரு முறையாவது அங்கே போகிறேன்.

மதுரை புதூர் பக்கம், ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது கடை. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, நாலு மேசை, பெரிய தோசைக்கல், பின்னால் விறகடுப்பில் ஒரு அண்டா. மாலை ஆறரைக்குத் தொடங்கி பதினொன்றரை வரை. செவ்வாய் விடுமுறை. புரோட்டா 15 ரூபாய், கலக்கி 20, ஆட்டுக்கால் பாயா 120. கல்லாவில் மாஸ்டரின் வீட்டம்மா. கணக்கில் ஒரு ரூபாய் தப்பாது.

நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். 19 வருடமாக முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் பாடம் ஒன்றுதான்: ஒரு புரதம் எப்படி மடிந்திருக்கிறதோ அப்படித்தான் வேலை செய்யும், மடிப்புக் கலைந்தால் அந்த வேலையும் போய்விடும். இந்தக் கடையின் ருசி எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் தேடினால், ஒவ்வொரு தட்டிலும் அந்தப் பாடத்தில்தான் போய் நிற்கிறேன். அதனால் சாப்பாட்டோடு அதுவும் சேர்ந்தேதான் வரும்.

முதலில் புரோட்டா. இரண்டாவது வருடமோ என்னவோ, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரிந்த பிறகு, மாஸ்டர் ஒரு கேள்வி கேட்டார். "ஊறணும் ஊறணும்னு இருபது வருஷமாச் சொல்றேன் டீச்சர். உள்ள என்னதான் ஊறுது?"

வாயால் சொன்னால் பத்தாது என்று தோன்றியது. எலுமிச்சை அளவு மாவு வாங்கி, ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுப் பிசைந்து அலசினேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. அது மாவுச்சத்து. தண்ணீரைக் கொட்டிக் கொட்டி மாற்றி அலச அலச, உருண்டை சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் கையில் மிஞ்சியது சுவிங்கம் மாதிரி ஒரு பழுப்புக் கட்டி. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இத்தாலியில் பொலோனியா நகரத்து பெக்காரி என்பவர் 1728இல் இதையேதான் செய்து காட்டினார். அச்சில் வந்தது 1745இல். ஒரு செடியின் விதையிலிருந்து, விலங்கின் உடலில் இருக்கும் பொருளைப் போன்ற ஒன்று வருகிறதே என்பதுதான் அவருக்கு ஆச்சரியம். மாஸ்டர் அதைக் கையில் வாங்கி இழுத்து இழுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

அந்தக் கட்டிதான் குளூட்டன். அதில் இரண்டு வகைப் புரதங்கள் முக்கியம். குளூட்டெனின் என்பது நீளச் சங்கிலி. அந்தச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் சில கந்தகம் தாங்கியவை. ஒரு சங்கிலியின் கந்தகம் அடுத்த சங்கிலியின் கந்தகத்தோடு கைகோத்துக்கொள்ளும். இப்படிச் சேர்ந்து சேர்ந்து பெரிய வலையாகிறது. இழுத்தால் திரும்பி வரும் வில் குணம் அதனுடையது. கிளையாடின் என்பது தனித்தனியாகச் சுருண்ட சின்ன உருண்டை. வலைக்கு நடுவே புகுந்து வழுக்கிக் கொடுப்பது அதன் வேலை. ஒன்று இழுத்துப் பிடிக்கிறது, இன்னொன்று நெகிழ்ந்து கொடுக்கிறது. புரோட்டாவுக்கு இரண்டும் வேண்டும்.

அடித்துப் பிசைந்தவுடன் அந்த வலை முறுக்கேறிப் போய் நிற்கும். அந்த நேரத்தில் வீசினால் என்ன ஆகும் என்று வீட்டில் செய்து பார்த்த எல்லோருக்கும் தெரியும். ரப்பர் மாதிரி திரும்பச் சுருங்கும், மல்லுக்கட்டினால் கிழியும். எண்ணெய் தடவி ஈரத்துணி போட்டு மூடி வைத்தால், முறுக்கோடு நின்ற பிணைப்புகள் மெல்ல அவிழ்ந்து, வசதியான வேறு இடத்தில் கட்டிக்கொள்கின்றன. சங்கிலிகள் ஒன்றின் மேல் ஒன்று நகர்ந்து அடங்குகின்றன. வலை அதே வலைதான், இறுக்கம் மட்டும் போய்விட்டது. "ஊறுது" என்று மாஸ்டர் சொல்வது இதைத்தான். முடியில் சுருள் நிற்பதும் இதே கந்தகப் பிணைப்பால். பார்லரில் மருந்து போட்டு முடியை நேராக்குகிறவர்கள் அந்தப் பிணைப்பை உடைத்து வேறு இடத்தில் கட்ட வைக்கிறார்கள். மாஸ்டருக்கு மருந்து வேண்டாம், நேரம் போதும்.

அரிசி மாவில் இந்த வலை கிடையாது, கேழ்வரகிலும் கிடையாது. அதனால்தான் அரிசி மாவை இடியாப்பமாகப் பிழியலாம், கொழுக்கட்டையாகப் பிடிக்கலாம், வீச மட்டும் முடியாது.

ஊறிய உருண்டையை இவர் வீசும்போது பாருங்கள். அடியில் இருக்கும் கல்லின் கீறல் தெரிகிற அளவுக்கு மாவு மெலிந்து போகும், ஒரு ஓட்டை விழாது. அதை விசிறி மடிப்பாகச் சேர்த்துச் சுருட்டி வைக்கும்போது மடிப்புக்கு நடுவே எண்ணெய் போய் உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய் இருக்கிற இடத்தில் வலையும் வலையும் ஒட்டாது. கல்லில் போட்டதும் மாவில் இருக்கிற தண்ணீர் ஆவியாகி அந்த அடுக்குகளைத் தூக்குகிறது, சூட்டில் புரதம் இறுகி அந்த உருவத்திலேயே நின்றுவிடுகிறது. அப்புறம் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார். சத்தத்துக்காக அடிக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அடியில்தான் அடுக்குகள் கழன்று தனியாகின்றன. சூடு ஆறினால் இது நடக்காது. இங்கே கல்லிலிருந்து எடுத்த உடனே அடிக்கிறார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, விரலை விட்டால் சுருள் சுருளாகக் கழன்று வருகிறது.

குறை சொல்ல வேண்டியதும் இங்கேதான். ஒன்பதரை மணிக்கு மேல் முதல் மாவு தீர்ந்துவிடும். இரண்டாவதாகப் பிசைவது அவசரத்தில் பிசைவது. ஊறாது. அந்த நேரத்துப் புரோட்டா கடிக்க இழுக்கும், ஆறினால் தோல் மாதிரி ஆகிவிடும். மூன்று முறை இப்படிச் சாப்பிட்டிருக்கிறேன். மூன்று முறையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

கொத்து புரோட்டாவும் போடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய அடுக்கைக் கொத்தித் தள்ளுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. வேறு கடையில் கொத்து சாப்பிடுங்கள், இங்கே முழுப் புரோட்டா சாப்பிடுங்கள்.

மைதா என்றதும் ஒரு கேள்வி வரும், மாவை வெளுக்கும்போது அதில் சேரும் ஒரு பொருளால் சர்க்கரை நோய் வருமாமே என்று. அலோக்சான். வாட்ஸப்பில் எத்தனை தடவை வந்திருக்கும் என்று கணக்கே இல்லை. அலோக்சான் என்பது நிஜமான பொருள்தான். ஆய்வுக்கூடத்தில் எலிக்கும் முயலுக்கும் சர்க்கரை நோயை வரவழைக்க அதை ஊசியில் செலுத்துவார்கள். அது வேலை செய்வதும் உருவத்தால்தான். பார்க்கக் குளுக்கோஸ் மாதிரி இருப்பதால், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் குளுக்கோஸுக்கென்று இருக்கும் வாசல் புரதம் அதையும் உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே போய் செல்லைக் கொல்கிறது. மனிதனின் பீட்டா செல்லில் அந்த வகை வாசல் மிகக் குறைவு. அதனால் எலிக்கு ஆவது போல நமக்கு ஆவதில்லை. மைதாவில் நான் கவலைப்படுவது வேறு விஷயம். தவிடும் முளையும் போய்விட்டன, நார்ச்சத்து கிட்டத்தட்ட இல்லை, சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறும். சர்க்கரை இருப்பவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என் தம்பிக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு கூட்டத்துக்கு இரண்டு கூட ஆகாது. என் மாணவி ஒருத்திக்கு சீலியாக் நோய். கிளையாடினில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைய. புரோலின் இருக்கும் இடத்தில் சங்கிலி விறைத்து ஒரு பக்கமாக வளைந்து நிற்கும், நம் குடலின் நொதிகளுக்கு அங்கே கத்தி வைக்க முடியாது. வெட்டுப்படாத துண்டுகள் மிஞ்சுகின்றன. அந்தத் துண்டுகள் கச்சிதமாகப் பொருந்தும் ஏந்துபுரதம் சிலர் உடலில் பிறவியிலேயே இருக்கிறது. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு உடல் அதை எதிரி என்று எடுத்துக்கொண்டு தன் குடலையே தாக்குகிறது. அந்தப் பெண் ஒரு நாள் எங்களோடு வந்து கலக்கி கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். புரோட்டா போடுகிற அதே கல்லில்தான் முட்டையும் ஊற்றுகிறார்கள். சீலியாக் இருப்பவர்கள் இந்தக் கடையில் எதையும் சாப்பிட வேண்டாம்.

மற்றவர்கள் கலக்கியை விடாதீர்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: முட்டையை டம்ளரில் உடைத்து, ஒரு கரண்டி சால்னா, மிளகுத்தூள், உப்பு போட்டு அடித்து, கல்லில் ஊற்றி, நாலு பக்கமும் மடித்து, உள்ளே குழைவாக இருக்கும்போதே தட்டில் தள்ளுவது. இருபது வினாடி வேலை. இவர் அதை முப்பதாக்கி நான் பார்த்ததில்லை.

முட்டை வெள்ளைக்கருவில் பத்தில் ஒரு பங்குதான் புரதம், மீதி அநேகமாகத் தண்ணீர்தான். அந்தப் புரதங்கள் ஒவ்வொன்றும் தனக்குள் சுருண்ட பந்து, அதனால் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கும், வெளிச்சம் ஊடுருவும். சூடு ஏறினால் பந்துகள் அவிழ்கின்றன. 62 பாகையை ஒட்டி ஒரு வகை அவிழத் தொடங்கும். பாதிக்கு மேல் இருக்கும் ஓவால்புமின் 80 பாகையைத் தாண்டியே முழுதாக அவிழும். அவிழ்ந்த சங்கிலிகள் பக்கத்துச் சங்கிலிகளோடு சிக்கி வலையாகி, நடுவே தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. வெள்ளையாகத் தெரிவது அந்த வலையில் சிதறும் வெளிச்சம். சால்னா சேரும்போது சங்கிலிகள் ஒன்றுக்கொன்று விலகிப் போகின்றன, அதனால் வலை தளர்வாக அமைகிறது. கலக்கியின் குழைவு அதிலிருந்து வருகிறது. இன்னும் அரை நிமிடம் விட்டால் வலை இறுகித் தண்ணீரைப் பிழிந்து தள்ளிவிடும். கல்யாண வீட்டு ஆம்லெட் ரப்பராக இருப்பது இதனால்தான்.

சூட்டில் சங்கிலி அறுவதில்லை, மடிப்பு மட்டும்தான் கலைகிறது. இதை 1931இலேயே எழுதியவர் சீனாவின் சியென் வு. பிள்ளைகள் பெரும்பாலும் கேள்விப்படாத பெயர், அதனால் வகுப்பில் இரண்டு முறை சொல்வேன். பிறகு அமெரிக்காவில் அன்ஃபின்சன், 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை யூரியாவில் போட்டு, கந்தகப் பாலங்களையும் உடைத்து, முழுதாக அவிழ்த்தார். யூரியாவை நீக்கிக் காற்றுப்பட விட்டதும் அது தானே பழையபடி மடிந்து மறுபடி வேலை செய்தது. எப்படி மடிய வேண்டும் என்பது சங்கிலியின் வரிசையிலேயே இருக்கிறது என்று காட்டியதற்கு 1972இல் நோபல் பரிசு. அப்படியானால் வெந்த முட்டை ஏன் திரும்பி வராது என்று வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். முட்டையில் கூட்டம் அதிகம். ஒருவர் கையை இன்னொருவர் பிடித்துக்கொண்ட பிறகு யாரும் தன் பழைய இடத்துக்குப் போக வழியில்லை.

பெண் பிள்ளை பெரியவளானால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நானும் குடித்தேன். சுருண்ட பந்தை வெட்ட நம் நொதிகள் சிரமப்படும், அவிழ்ந்த சங்கிலியை எளிதாக வெட்டும். பச்சை முட்டையின் புரதத்தில் பாதியளவுதான் உடலில் சேர்கிறது. அதோடு பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்று ஒரு புரதம் இருக்கிறது. பயோட்டின் என்ற வைட்டமினுக்கு அச்செடுத்த மாதிரி ஒரு குழி அதில் உண்டு. பிடித்தால் விடாது. வேக வைத்தால் குழி கலைந்துவிடும், வைட்டமின் தப்பித்துவிடும். தயவுசெய்து பிள்ளைகளுக்கு வேக வைத்துக் கொடுங்கள்.

இனி, நான் இந்த விமர்சனம் எழுதவே காரணமான பாயா. வெள்ளியும் ஞாயிறும் மட்டும்தான். மதியம் ஒரு மணிக்கு ஆட்டுக்கால்களைச் சுட்டுச் சுரண்டிக் கழுவி அண்டாவில் போட்டால், இறக்குவது ஏழு மணிக்கு. குக்கர் கிடையாது. விறகும் முக்கால்வாசி வெளியே இழுத்துக் கிடக்கும், அண்டாவில் ஓரமாக மட்டும் ஒரு குமிழி வரும். உதட்டில் ஒட்டும் சாறு. எலும்பிலிருந்து தசைநார் கரண்டி பட்டதும் கழன்று விழும். இஞ்சியும் மிளகும் தெரியும், மல்லி முந்திக்கொண்டு வராது.

ஆட்டுக்காலில் கறி எங்கே இருக்கிறது? அதில் இருப்பது தோல், தசைநார், குருத்தெலும்பு, அதாவது கொலாஜன். பாலூட்டிகளின் உடலில் மிக அதிகமாக இருக்கும் புரதம் அதுதான். அதன் வடிவத்தை உலகத்துக்குச் சொன்னது சென்னை. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வால் தசைநாரின் எக்ஸ்ரே படங்களை வைத்து, கொலாஜன் என்பது மூன்று சங்கிலிகள் சேர்ந்து முறுக்கிய கயிறு என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அடுத்த வருடமே அந்த மாதிரியைத் திருத்தி, முறுக்கிய மூன்றும் சேர்ந்து இன்னொரு முறை முறுக்கியிருக்கிறது என்று காட்டினார்கள். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது 32. இதை நான் சொல்லும்போது என் வகுப்பில் சத்தமே இருக்காது. நம் ஊரில், இருந்த வசதியை வைத்துக்கொண்டு செய்த வேலை அது. 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து அவர் போட்ட, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் வளையலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் இல்லாமல் இன்றைக்கும் யாரும் ஒரு புரத வடிவத்தைச் சரிபார்க்க முடியாது.

கொலாஜன் கயிற்றில் ஒரு சங்கிலிக்கு ஏறக்குறைய ஆயிரம் அமினோ அமிலங்கள். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின்தான் வர வேண்டும், ஏனென்றால் அந்த இடம் கயிற்றின் நடுவில் விழுகிறது. நடுவில் இடமே இல்லை. இருப்பதிலேயே சின்னது கிளைசின், அது மட்டும்தான் நுழையும். அந்த இடத்தில் கொஞ்சம் பெரிய ஒன்று வந்துவிட்டால் கயிறு சரியாக முறுக்காது. தொட்டால் எலும்பு முறியும் குழந்தைகள் பிறப்பது பெரும்பாலும் இந்த ஒரு எழுத்துப் பிழையால். கயிறு பிரியாமல் நிற்பதற்குப் புரோலின்களில் சிலவற்றுக்கு வைட்டமின் சி உதவியோடு ஒரு ஆக்சிஜன் ஒட்டப்பட வேண்டும். பழங்காலத்தில் மாதக்கணக்கில் கப்பலில் போனவர்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் வந்ததும், ஆறிய புண் மறுபடி பிளந்ததும், அந்த ஒட்டு விழாத கொலாஜனால்.

இந்தக் கயிறு பச்சையாக இருக்கும்போது பல்லுக்கு மசியாது. தண்ணீரில் நிதானமான சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் மூன்று சங்கிலிகளும் முறுக்கு அவிழ்ந்து பிரிந்து சாற்றில் கலக்கின்றன. அப்போது அதன் பெயர் ஜெலட்டின். உதட்டில் ஒட்டுவது அதுதான். நல்ல பாயாவா என்று தெரிய வேண்டுமானால் ஒரு பார்சல் வாங்கி இரவு பிரிட்ஜில் வையுங்கள். இங்கே வாங்கியது காலையில் அல்வாத் துண்டு மாதிரி நிற்கும், பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாது. குளிரில் சங்கிலிகள் தங்கள் பழைய முறுக்கை ஞாபகம் வைத்து அங்கங்கே பின்னிக்கொள்ள முயல்கின்றன, முழுதாக முடியாமல் தண்ணீரைப் பிடித்தபடி நின்றுவிடுகின்றன. அடுப்பில் வைத்தால் மறுபடி சாறு. மைதா கரைத்தோ பொட்டுக்கடலை அரைத்தோ கெட்டியாக்கிய பாயா இப்படி நிற்காது.

முட்டி வலிக்குப் பாயா குடித்தால் கொலாஜன் நேராக முட்டிக்குப் போகும் என்று மேசையில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் சொன்னார். அப்படிப் போகாது. வயிற்றிலும் குடலிலும் அது துண்டு துண்டாக வெட்டுப்பட்டுத்தான் ரத்தத்தில் சேரும். மழை நாளில் தொண்டைக்கு இதமாக இருக்கிறது, எனக்கு அது போதும்.

சுக்கா சுமார்தான். தொடைக்கறியையும் சப்பைக்கறியையும் சேர்த்து ஒரே நேரம் வதக்குகிறார்கள். கொலாஜன் அதிகம் இருக்கும் துண்டு வேகும்போது குறைவாக இருக்கும் துண்டு வறண்டுவிடுகிறது. கோழி வேண்டவே வேண்டாம்.

சுவரொட்டி கேட்டுப் பாருங்கள். ஞாயிறு மட்டும், அதுவும் சனிக்கிழமையே சொல்லி வைக்க வேண்டும். ஆட்டு மண்ணீரல். சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். சின்ன வெங்காயம், மிளகு, நல்லெண்ணெய் மட்டும் போட்டுக் கல்லிலேயே சுட்டுத் தருகிறார். ஈரலை விட மென்மை, நாக்கில் லேசாக இரும்பு வாசம். எனக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்ன வருடத்தில் அம்மா தேடித் தேடி வாங்கி வந்து கொடுத்தது இது.

அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம். நம் சிவப்பணு நடுவில் இரு பக்கமும் குழிந்த தட்டு, ஏழெட்டு மைக்ரான் அகலம். உட்கரு கிடையாது, ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு இடம் விட்டு அது வெளியேறிவிட்டது. அந்த அணுவின் தோலுக்கு அடியில் ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் மீன்வலை மாதிரிப் பின்னியிருக்கிறது. அதனால் தன்னைவிடக் குறுகலான குழாயிலும் மடங்கிப் புகுந்து, வெளியே வந்ததும் பழைய உருவத்துக்கு வந்துவிடும். 120 நாள் இப்படி ஓடி விறைத்துப்போகும். மண்ணீரலில் ரத்தம் போகிற வழியில் மிகக் குறுகிய இடுக்குகள் இருக்கின்றன. வளைய முடிந்த அணு அதற்குள் நழுவிப் போய்விடும். விறைத்த அணு மாட்டிக்கொள்ளும், பக்கத்தில் காத்திருக்கும் செல்கள் அதை விழுங்கி இரும்பை எடுத்து வைத்துக்கொள்ளும். ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாமல், இடுக்கின் அளவையே ஒரு சோதனையாக வைத்துக் கிழட்டு அணுவை இனம்பிரிக்கும் உறுப்பு. ஆட்டின் மண்ணீரலும் கிழட்டு அணுக்களைப் பிடித்து இரும்பைச் சேர்த்து வைக்கும், அதன் சிவப்பணு மட்டும் நம்முடையதில் பாதி அகலம் கூட இராது.

எங்கள் கல்லூரியில் நீலகிரியிலிருந்து வந்து படித்த ஒரு பெண்ணின் அண்ணனுக்கு அரிவாள் செல் நோய். இந்தியாவில் அந்த அணு முதன்முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். வந்த வித்தியாசம் அது ஒன்றுதான். அந்த வேலின் வெளிப்புறத்தில் ஒட்டும் இடமாகிவிடுகிறது. ஆக்சிஜனை இறக்கிய ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பியாக நீண்டு, அணுவையே அரிவாளாக வளைத்துவிடுகின்றன. அரிவாள் அணு இடுக்கில் நுழையாது. மாட்டி மாட்டி மண்ணீரலின் ரத்த ஓட்டமே அடைபட்டு, சின்ன வயதிலேயே அது சுருங்கிப் போய்விடுகிறது, ரத்தத்தில் வரும் கிருமிகளைப் பிடிக்கவும் ஆளில்லாமல் போகிறது. அந்தப் பெண் தன் அண்ணனுக்கு அடிக்கடி காய்ச்சல் வருவது ஏன் என்று என்னிடம் கேட்டபோது, இதைத்தான் வரைந்து காட்டினேன். சுவரொட்டி வரும் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் முகம் வருகிறது.

வெங்காயப் பச்சடி பற்றி ஒரு வார்த்தை. கேட்டால்தான் நறுக்குவார்கள், முன்பே நறுக்கிக் குவித்து வைப்பதில்லை. வெங்காய செல்லில் காரத்துக்கான மூலப்பொருள் ஓர் அறையிலும், அதை மாற்றும் நொதி இன்னோர் அறையிலும் இருக்கிறது. கத்தி பட்டு அறைச் சுவர் உடைந்தால்தான் இரண்டும் சந்திக்கும், கண்ணில் நீர் வரும். கத்தி மழுங்கலாக இருந்தால் வெட்டுவதோடு நசுக்கவும் செய்யும், நிறைய செல் உடையும், காட்டமும் கசப்பும் கூடும். இங்கே கத்தி தினமும் சாணை பிடிக்கப்படுகிறது. பச்சடி இனிப்பாக இருக்கிறது.

பார்சலில் கொதிக்கும் சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தூக்குவாளி கொண்டு போங்கள், முகம் சுளிக்காமல் ஊற்றித் தருவார்கள். பெண்கள் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிடலாம், ஆறு வருடத்தில் எனக்கு ஒரு சங்கடமும் வந்ததில்லை. கை கழுவும் இடத்தில் மட்டும் விளக்குப் போட வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை கல்லூரியில் வேலை முடியவே எட்டரை ஆகிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். பாயா இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன், புரோட்டா கேட்கவில்லை. மாஸ்டர் மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு தாம்பாளத்தை இழுத்துத் துணியைத் தூக்கிக் காட்டினார். "இது ஏழு மணிக்கே பிசைஞ்சு வெச்சது டீச்சர். இப்ப தினமும் ரெண்டு தடவை பிசைஞ்சுடுறோம்." ஓர் உருண்டையை எடுத்து விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, குழியாகவே நின்றது. மூன்று சாப்பிட்டேன். சனிக்கிழமை கூட்டத்துக்கு அந்த இரண்டாவது தாம்பாளமும் பத்தாதாம், அன்றைக்கு மட்டும் ஒன்பதுக்குள் போய்விடுங்கள்.